கட்டிப்பால் கொட்டகைக்கு அருகில் ஒரு ஹீட் பம்ப்: பழையது எதனால் போனது, புதியது எப்படித் தேர்வானது

பின்னணி

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், ரப்பர் மரங்களுக்கும் செம்பனைக்கும் நடுவே வளர்ந்த ஒரு சிறு நகரம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல, அங்குள்ள தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வரிசை வீடு வாங்கிக் குடியேறின. இந்த ஆய்வுக்குரிய வீடும் அப்படிப்பட்ட இரட்டை மாடி வரிசை வீடுதான். வீட்டில் ஆறு பேர். எழுபதைக் கடந்த பாட்டிக்கு நீரிழிவு. பாதத்திலும் விரல்களிலும் உணர்ச்சி குறைவு. மகன், மருமகள், வளர்ந்த பிள்ளைகள் மூவர். பாட்டியைத் தினமும் காலையில் வெந்நீரில் குளிப்பாட்டுவது மருமகள்.

2016இல் பின்கட்டில், காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் 150 லிட்டர் ஹீட் பம்ப் ஒன்றைப் பொருத்தினார்கள். தொட்டியும் இயந்திரமும் ஒரே கூடாக அமைந்தது, உள்ளே வெப்பத்தைக் கடத்தும் ஆர்-134ஏ வாயு, உதவிக்கு 1.5 கிலோவாட் மின்சூடேற்றி. கூரைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் கூட்ட ஒரு பூஸ்டர் பம்ப். சமையலறைக்குப் பின்னால் ஜிங்க் கூரையின் கீழ் இயந்திரம் நின்றது. பின்னாலுள்ள சந்து வழியைத் தாண்டி ஏறத்தாழ 12 மீட்டரில், சிறுதோட்டக்காரர்களிடம் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், வாங்கிச் சேர்க்கும் கொட்டகை. அதன் வாடை வீட்டாருக்குப் பழகிப்போயிருந்தது. ஹீட் பம்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

பழுது தெரிந்த விதம்

2023 செப்டம்பரில் முதலில் கவனித்தவர் பாட்டி. "மொத வாளி சுடுது, ரெண்டாவது வாளி பச்சத் தண்ணியா இருக்கும்மா" என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மின்கட்டணம் கூடியது. வழக்கமாக 430 யூனிட் ஓடும் வீட்டில் 570 யூனிட். மின்வாரியமான தெனாகாவின் அன்றைய கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், 301 முதல் 600 வரை 51.6 சென். கூடிய 140 யூனிட்டும் 51.6 சென் படியில் விழுந்ததால் மாதத்துக்கு 72 ரிங்கிட் அதிகம். மற்றக் கட்டணங்கள் தனி.

அழைத்து வந்த பழுதுபார்ப்பவர் வாயுவை நிரப்பிவிட்டுப் போனார். சில வாரம் நன்றாக ஓடி, மறுபடி பழைய நிலை. இரண்டாம் முறையும் நிரப்பினார்கள். மூன்றாம் முறை வேறொருவர் வந்து, கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது, 300 லிட்டர் புதியது வாங்குங்கள் என்று 7,800 ரிங்கிட்டுக்கு விலைப்பட்டியல் கொடுத்தார். புதியதும் அதே இடத்தில், அதே ஒற்றைக் கூடு அமைப்பில்தான் வைப்பதாக இருந்தது. வாங்கும் முன் பழையதை முழுமையாகப் பார்த்துவிடலாம் என்று குடும்பம் முடிவு செய்தது. இந்த நிகழ்வின் போக்கை மாற்றியது அந்த முடிவுதான்.

ஆய்வில் கண்டவை

இரவு முழுக்க நிறுத்திவைத்த இயந்திரத்தில் காலை 26 டிகிரியில் அழுத்தம் பார்க்கப்பட்டது. உள்ளே திரவமாகக் கொஞ்சம் வாயு மீதமிருந்தாலும் ஆர்-134ஏ அந்த வெப்பநிலையில் ஏறத்தாழ 5.8 பார் காட்ட வேண்டும். மானி காட்டியது 3.4 பார். திரவமே மிச்சமில்லை என்பது அதன் பொருள். மீட்பு உருளைக்கு மாற்றி எடைபோட்டபோது, பெயர்த்தகட்டில் 0.9 கிலோ என்றிருந்த இடத்தில் 0.2 கிலோவுக்கும் குறைவாகவே கிடைத்தது. கம்ப்ரசர் 3 ஆம்பியர் இழுக்க வேண்டியது 1.9தான் இழுத்திருந்தது. வாயு இல்லாமல் வெறுமனே சுற்றும் கம்ப்ரசர் அப்படித்தான் இழுக்கும். கம்பிச்சுற்றின் மின்காப்பும் நன்றாகவே இருந்தது. கம்ப்ரசர் தளரவில்லை.

வாயு குறையக் குறைய இயந்திரம் 55 டிகிரியை எட்ட முடியாமல் திணறியது. கட்டுப்பாட்டுப் பலகை உடனே மின்சூடேற்றியைப் போட்டுவிட்டது. அந்த 140 யூனிட் அங்கேதான் போனது. உதவிச் சூடேற்றி பழுதை மறைத்துவிடும். தண்ணீர் ஓரளவு சுடுவதால் வீட்டாருக்குச் சந்தேகம் எழாது.

கசிவு எங்கே? சோப்பு நுரைக்கு எதுவும் தென்படவில்லை. மின்னணுக் கசிவுமானி, காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் குழாய்ச் சுருளான (காயில்) எவாப்பரேட்டரின் கீழ் வளைவுகளில் சத்தமிட்டது. காயிலைக் கழற்றி நைட்ரஜனை 15 பார் ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது மூன்று வளைவுகளிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. அந்த இடங்களில் கண்ணுக்குத் துளை தெரியவில்லை. கருநீலமும் ஊதாவும் கலந்த சிறு கறைகள் மட்டும். ஒரு வளைவை அறுத்து மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துக் கையடக்க நுண்ணோக்கியில் பார்த்தபோது, செம்புச் சுவருக்குள் கிளை பிரிந்து ஓடும் நுண்ணிய சுரங்கங்கள் தெரிந்தன.

குளிர்சாதனத் தொழிலில் இதை எறும்புப் புற்று அரிப்பு என்பார்கள். ஃபார்மிக், அசிட்டிக் போன்ற கரிம அமிலங்களின் ஆவி, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன், செம்பு ஆகிய நான்கும் சேர்ந்தால் இது வரும். மேற்பரப்பு பெரிதாகக் கெடாது. உள்ளுக்குள் துளைத்துக்கொண்டு போய் ஒரு நாள் மறுபக்கம் எட்டும். எவாப்பரேட்டர் ஓடும் நேரமெல்லாம் நனைந்தே இருப்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை. இக்காலக் காயில் குழாய்களின் சுவரும் மிக மெல்லியது.

அமிலம் கொட்டகையிலிருந்து வந்தது என்று கொள்ள வலுவான காரணங்கள் இருந்தன. ரப்பர் பாலை உறைய வைக்கப் பயன்படுவது ஃபார்மிக் அமிலம். குவித்து வைத்த கட்டிப்பால் புளிக்கும்போது அசிட்டிக் உள்ளிட்ட கொழுப்பமிலங்கள் ஆவியாகும். அந்த வாடையே பெரும்பாலும் அவற்றால்தான். இதே வீட்டின் பின்புற ஏர்கோன் வெளியலகு 2021இல் காயில் கசிந்து மாற்றப்பட்டிருந்தது. அந்தப் பின்புற ஏர்கோனை வாங்கிய ஆண்டிலேயே, அதே நிறுவனத்திடம் வாங்கிய முன்பக்க ஏர்கோனுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களும் பின்புற வெளியலகை இருமுறை பழுதுபார்த்திருந்தார்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பப்படவில்லை. ஆனாலும் எல்லாச் சான்றும் ஒரே திசையைக் காட்டின.

பழைய இயந்திரத்தின் காயில் நீலநிறப் பூச்சு உடையது. அந்த நீலம் பார்த்து "துருப்பிடிக்காது" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். நீலப் பூச்சும் தங்கநிறப் பூச்சும் அலுமினியத் தகட்டுக்கு மட்டுமே உரியவை. தகட்டைக் குழாயில் கோப்பதற்கு முன்பே பூசப்படுவதால், பக்கவாட்டில் வெளியே நீளும் செம்பு வளைவுகள் வெறுமையாகவே இருக்கும். கசிந்த மூன்று இடங்களும் அவையே. காயிலை முழுதாகச் சேர்த்து முடித்தபின் எப்பாக்சிக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரத்தால் படியவைக்கும் பூச்சுதான் குழாயையும் மூடும். கடையில் இரண்டையும் "கோட்டிங்" என்றே சொல்வார்கள். எது என்று கேட்டுத் தெளிவுபெறுவது வாங்குபவர் பொறுப்பு.

தொட்டியையும் பார்த்தார்கள். உள்ளே எனாமல் பூசிய எஃகு. அதைக் காக்கத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் மக்னீசிய ஆனோட் கம்பி இத்தனை ஆண்டில் ஒரு முறைகூட மாற்றப்படவில்லை. வெளியே இழுத்தபோது நடுவிலிருந்த மெல்லிய எஃகு நரம்பு மட்டுமே வந்தது. அடிக்குழாயைத் திறந்ததும் முதலில் வந்த தண்ணீர் துருநிறம்.

எவ்வளவு வெந்நீர் வேண்டும்

300 லிட்டர் வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்தும் கணக்கிட்டு வந்ததல்ல. ஆறு பேர், ஆளுக்கு 50 லிட்டர் என்ற வாய்க்கணக்கு. ஆகவே வாளியும் கைக்கடிகாரமும் வெப்பமானியும் கொண்டு அளந்தார்கள். ஷவரில் நிமிடத்துக்கு 7 லிட்டர். ஒருவர் ஏறத்தாழ 6 நிமிடம். ஆளுக்கு 42 லிட்டர், 40 டிகிரியில். காலையில் ஐந்து பேர், அத்துடன் பாட்டிக்கு இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர். மொத்தம் 250 லிட்டர். மாலையில் ஏறத்தாழ 170.

இது கலந்த நீர். குழாய்த் தண்ணீர் 27 டிகிரி. தொட்டியில் 60 டிகிரி இருந்தால், 40க்குக் கொண்டுவர மொத்தத்தில் 33க்கு 13 பங்கு வெந்நீர் போதும். காலைக்கு 98 லிட்டர், மாலைக்கு 67. தொட்டியின் அடியில் குளிர்நீர் நுழைந்துகொண்டே இருப்பதால் 200 லிட்டர் தொட்டியில் சூடு குறையாமல் கிடைப்பது 160 லிட்டர் அளவில்தான். அதுவே நாள் முழுமைக்கும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். இடையில் ஒரு முறை சூடேற்றினால் தாராளம். பழைய 150 லிட்டரும் காலை நெரிசலுக்குப் போதும்தான், ஆனால் விருந்தாளி வந்தால் இடறும். 300 லிட்டர் வாங்கினால் பயன்படாத 100 லிட்டரின் சூட்டை நாள்தோறும் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

குளியலுக்கான வெப்பம் மட்டும் நாளுக்கு 6.4 யூனிட். தொட்டி, குழாய் இழப்பு சேர்த்தால் 8 யூனிட். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றுக்குச் சற்று மேலாக வெப்பம் தரும் என்று வைத்தால் நாளுக்கு 2.5 யூனிட் மின்சாரம், மாதம் 75.

மாற்று வழிகளை எடைபோட்டது

காயிலை மட்டும் மாற்ற 1,900 ரிங்கிட் கேட்டார்கள். வரும் காயிலும் அதே நீலப்பூச்சு, நிற்கப்போவதும் அதே இடம், தொட்டியோ துருவத் தொடங்கிவிட்டது. இதை முதலிலேயே தள்ளினார்கள்.

உடனடிச் சூடேற்றிகளை மூன்று குளியலறையிலும் மாட்டுவது பணக்கணக்கில் வலுவான போட்டி. வயரிங் சேர்த்து 1,500 ரிங்கிட்டில் முடியும். தொட்டி இழப்பு இல்லாததால் மாதம் ஏறத்தாழ 190 யூனிட். ஹீட் பம்பைவிட 115 யூனிட் அதிகம், 51.6 சென் வீதம் மாதம் 59 ரிங்கிட். ஹீட் பம்புக்குக் கூடுதலாகப் போடும் 5,400 ரிங்கிட்டை அந்த மிச்சம் மீட்டுத்தர ஏழரை ஆண்டு ஆகும். "மூன்றே ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும்" என்ற விற்பனைப் பேச்சு இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதைக் குடும்பத்திடம் வெளிப்படையாகவே சொல்லியாயிற்று. 2025 ஜூலை 1 முதல் தெனாகாவின் படிக்கட்டண முறையே மாறிவிட்டதால், இன்று இதே கணக்கைப் போடுபவர் தம் அண்மைய பில்லை வைத்தே போட வேண்டும்.

ஆனால் 3.6 கிலோவாட் உடனடிச் சூடேற்றி 27 டிகிரித் தண்ணீரை 40க்கு ஏற்றி நிமிடத்துக்கு 4 லிட்டர்தான் தரும். பாட்டியின் ஒரு வாளி நிறைய ஐந்து நிமிடம். இரண்டாவது நிறைவதற்குள் முதல் வாளி ஆறும். நனைந்த உடம்போடு பாட்டி காத்திருக்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் வெந்நீரில் அதே வாளி இரண்டு நிமிடத்துக்குள் நிறையும். மருமகள் கேட்டது ஒன்றே: இரண்டு வாளியும் சேர்ந்து நிறைய வேண்டும். இந்தத் தேர்வில் பணத்தைவிட அதற்கே அதிக எடை கொடுக்கப்பட்டது, அது சரியும்கூட.

சூரியச் சூடேற்றிக்குக் கூரையின் திசை சாதகமாக இல்லை. மழை மாதங்களில் மின்சூடேற்றியை நம்ப வேண்டியிருக்கும் என்பதால் அதை நீளமாக ஆராயவில்லை.

வாயு எது என்பதில் அதிக நேரம் செலவானது. கடையிலிருந்த ஆர்-410ஏ இயந்திரங்கள் 55 டிகிரிவரைதான் தாமே ஏற்றும், அதற்குமேல் மின்சூடேற்றி. லெஜியோனெல்லா கிருமி வெதுவெதுப்பான தேங்கு நீரில் பெருகும் என்பதால் தொட்டியை 60 டிகிரியில் வைப்பதே முறை, முதியவர் இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பாக. ஆர்-290, அதாவது புரோப்பேன், 70 டிகிரிவரை எளிதாக ஏற்றும். புவி வெப்பமாதல் தாக்கமும் மிகக் குறைவு. ஆர்-134ஏயின் தாக்கம் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு. தூய்மையான தேர்வு ஆர்-290தான். அது எரியும் வாயு என்பது தடையாகவில்லை, திறந்த வெளியில் முறைப்படி வைத்தால் போதும். எரியும் வாயுவைக் கையாளப் பயிற்சி பெற்றவர் அந்த வட்டாரத்தில் அப்போது கிடைக்கவில்லை. பழுதானால் பினாங்கிலிருந்து ஆள் வரும்வரை பாட்டி காத்திருக்க முடியாது. எனவே, 60 டிகிரியைத் தானே எட்டும் ஆர்-134ஏ.

முடிவு

மூன்று விஷயங்கள் சேர்ந்து தேர்வைத் தீர்மானித்தன. இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து விலக்குவது, செம்புக் குழாயையும் மூடும் பூச்சு, மின்சூடேற்றி இல்லாமலே 60 டிகிரி. ஒற்றைக் கூடு அமைப்பை வீட்டின் முன்பக்கம் வைக்க இடமில்லை. ஆகவே பிரிந்த அமைப்பு: 200 லிட்டர் எனாமல் தொட்டி பழைய இடத்திலேயே, 2.5 கிலோவாட் வெப்பம் தரும் வெளியலகு வீட்டின் முன்பக்கக் கார் நிறுத்துமிடத்தின் கான்கிரீட் மேல்தளத்தில். வீடே நடுவில் தடுப்பாக நிற்கும்.

பிரிந்த அமைப்பிலும் இருவகை உண்டு. ஒன்றில் வாயுக் குழாய் தொட்டிவரை ஓடும். மற்றொன்றில் வாயு வெளியலகுக்குள்ளேயே அடைபட்டிருக்க, தண்ணீர்தான் போய்வரும். இரண்டாவதைத் தேர்ந்தார்கள். தண்ணீர்க் குழாய் 9 மீட்டர் நீள்வதால் சற்று வெப்ப இழப்பு உண்டு. சுழலும் நீர், தொட்டியில் மேலே வெந்நீரும் கீழே குளிர்நீருமாக நிற்கும் அடுக்கையும் ஓரளவு கலைக்கும். ஆனால் பொருத்தும் இடத்தில் வாயு இணைப்பு ஒன்றுகூடப் போட வேண்டியதில்லை. கசிவால் இயந்திரத்தை இழந்த வீட்டில் அந்த நன்மை பெரியது. பொருத்துகூலி சேர்த்து 6,900 ரிங்கிட். முழுக் காயிலுக்கும் எப்பாக்சிப் பூச்சு உண்டு என்பது விலைப்பட்டியலில் எழுத்தில் வாங்கப்பட்டது.

எனாமல் தொட்டியா, துருப்பிடிக்காத எஃகா என்பதில் குடும்பத்துக்குத் தயக்கம் இருந்தது. ஆனோட் கம்பியைக் காலத்தில் மாற்றினால் எனாமல் தொட்டி நீண்ட நாள் நிற்கும். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். தொட்டியின் தலைக்கும் ஜிங்க் கூரைக்கும் இடையே 60 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் நீளக் கம்பியை அங்கே உருவ முடியாது. பழைய கம்பி இத்தனை ஆண்டு தொடப்படாமல் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சங்கிலிபோல் மடங்கும் துண்டு ஆனோட் கேட்டு வாங்கினார்கள்.

பொருத்துதல்

2024 ஜனவரியில் வேலை நடந்தது. வெளியலகின் பின்புறம் 30 சென்டிமீட்டர் இடைவெளி. விசிறி காற்று தள்ளும் பக்கம் ஒரு மீட்டருக்குமேல் திறந்தவெளி. ஹீட் பம்ப் வெளியே தள்ளும் காற்று குளிர்ந்தது. அது சுவரில் மோதித் திரும்பி மறுபடி உள்ளே போனால் செயல்திறன் விழும். எவாப்பரேட்டரில் ஒழுகும் நீருக்கு 20 மி.மீ. குழாய் போட்டு மழைநீர்க் குழாயில் சேர்த்தார்கள்.

போகவர 20 மி.மீ. பி.பி.ஆர். பிளாஸ்டிக் குழாய், மேலே 13 மி.மீ. கனமுள்ள நைட்ரைல் ரப்பர் உறை, வெயில் படும் இடத்தில் அதன்மேல் அலுமினியத் தகடு. தகடு போடாத உறை வெயிலில் பொடிந்துபோகும். சுவர்த் துளைகளை அடைக்க அசிட்டிக் வாடை வராத நடுநிலைச் சிலிக்கான் மட்டுமே பயன்பட்டது. சாதாரணச் சிலிக்கான் உலரும்போது விடுவதும் அதே அமிலம்தான். காயிலுக்கு அருகில் அதைப் பூசுவது தெரியாமலே நடக்கும் தீங்கு.

மின்வேலையைப் பதிவுபெற்ற வயர்மேன் செய்தார். தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும் என்பது 1994 மின்சார ஒழுங்குமுறை. தொட்டியிலுள்ள மின்சூடேற்றிக்குத் தனிச் சுவிட்ச் போட்டு அணைத்து வைத்தார்கள். அது தானாக வந்து இன்னொரு பழுதை மூடி மறைக்கக்கூடாது. ஹீட் பம்புக்கென்று ஒரு சிறு மின்மானியும் பலகையில் சேர்ந்தது.

அதிகக் கவனம் பெற்றது பாட்டியின் குளியலறை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாகச் சுட்டுவிடும். பாதத்தில் உணர்ச்சியில்லாதவருக்குச் சுடுவதே தெரியாது. அங்கே வெப்பநிலை கலப்பு வால்வு ஒன்றை மாட்டி 41 டிகிரியில் பூட்டினார்கள். இந்த வால்வு சரியாக வேலை செய்ய வெந்நீரும் குளிர்நீரும் ஒத்த அழுத்தத்தில் வர வேண்டும். முன்பு வெந்நீர் பூஸ்டர் பம்பிலிருந்தும், குளிர்நீர் கூரைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கியும் வந்தன. அழுத்தம் கூடிய வெந்நீர் குளிர்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். குளிர்நீரையும் பம்பின் வழிக்கு மாற்றியபின், குளிர்நீரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தார்கள். வால்வு சில நொடிகளில் வெந்நீரையும் நிறுத்தியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்ய மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தாயிற்று.

பொருத்தியபின் நடந்தவை

முதல் வாரமே தொட்டியின் பாதுகாப்பு வால்வு சொட்டியது. வால்வு பழுது என்று மாற்ற முனைந்தார்கள். உண்மைக் காரணம் வேறு. பூஸ்டர் பம்பின் ஒருவழி வால்வு தண்ணீரைப் பின்னோக்கி விடாது. 200 லிட்டரை 27இலிருந்து 60க்கு ஏற்றினால் அது ஏறத்தாழ 2.7 லிட்டர் விரியும். போக இடமின்றி அழுத்தம் 7 பாரை எட்ட, வால்வு தன் கடமையைச் செய்தது. பம்ப் 2.2 பாரில் நிற்பதால், அதே அழுத்தத்துக்குக் காற்று நிரப்பிய 8 லிட்டர் விரிவுக் கலத்தைக் குளிர்நீர் நுழைவாயிலில் சேர்த்தார்கள். 5 பாருக்குள் 3.7 லிட்டரை அது வாங்கிக்கொள்ளும். சொட்டுவது நின்றது. செலவு 260 ரிங்கிட். இத்தகைய சொட்டலைக் கண்டு வால்வை அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தொட்டி வெடிக்க வழிசெய்வது, ஒருபோதும் செய்யக்கூடாது.

மார்ச்சில் இரண்டு நாள் தண்ணீர்த் தடை. கூரைத் தொட்டி வறண்டு குழாயில் காற்று புகுந்தது. தண்ணீர் வந்தபின் இயந்திரம் நீரோட்டமில்லை என்று பிழைக்குறி காட்டி நின்றது. முன்பக்கத்துக்கு ஏறும் குழாயின் உச்சியில் காற்றுப்போக்கி இல்லாததே காரணம். தானியங்கிக் காற்றுப்போக்கி ஒன்றைப் பொருத்தியதும், பூஸ்டர் பம்புக்கு வறட்சித் தடுப்பு சுவிட்ச் போட்டதும் பிரச்சினையைத் தீர்த்தன. அடுத்த தடையின்போது யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலையில் இயங்கும் சத்தம் முன்னறையில் தூங்குபவரை எழுப்பியது. காலுக்கடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் கட்டைகளை வைத்ததோடு நேரத்தையும் மாற்றினார்கள். நண்பகல் 12 முதல் 4 வரை பிரதானச் சூடேற்றம், இரவு 8 முதல் 10 வரை நிரப்பல். இது சத்தத்துக்காகச் செய்தது, மின்சாரமும் குறைந்தது. விடியலில் 24 டிகிரிக் காற்றிலிருந்து எடுப்பதைவிட நண்பகலின் 33 டிகிரிக் காற்றிலிருந்து வெப்பம் எடுப்பது இயந்திரத்துக்கு எளிது. மின்மானி நாளுக்கு 2.9 யூனிட்டிலிருந்து 2.5க்கு இறங்கியது. வீட்டு மொத்தம் மறுபடி 420 முதல் 430 யூனிட்டுக்குள் வந்து நின்றது.

அடுத்த முறை மாறவேண்டியவை

விரிவுக் கலமும் காற்றுப்போக்கியும் முதல் விலைப்பட்டியலிலேயே இருக்க வேண்டும். பூஸ்டர் பம்ப் உள்ள வீட்டில் முன்னது கட்டாயம். தண்ணீர்த் தடை வழக்கமான மாநிலத்தில் பின்னதும் அப்படியே. காயிலைக் கழற்றுவதற்கு முன்பே அண்டை வீட்டார் ஏர்கோன்களைப் பற்றி விசாரித்திருந்தால் காரணம் சீக்கிரம் தெரிந்திருக்கும். அது காசில்லாத சோதனை. இரண்டாம் முறை வாயு நிரப்பும்போதே கசிவைத் தேடியிருக்க வேண்டும். அடைத்த அமைப்பில் வாயு தானாகத் தீராது. குறைந்தால் ஓட்டை உண்டு.

கொட்டகை உரிமையாளரிடமும் மகன் பேசினார். "அண்ணே, ஆசிட் டின்ன மட்டும் மூடி வச்சிருங்க, வீட்ல சாமான் எல்லாம் போயிருது" என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை. டின்களை மூடி, சந்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றிவைத்தார். குவியலை வைக்க அவருக்கு வேறு இடமில்லை. வாடையும் அமிலமும் பின்கட்டில் தொடர்ந்து இருக்கும் என்று எண்ணியே பராமரிப்பு வகுக்கப்பட்டது. மாதம் ஒரு முறை காயிலில் நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்துக் கழுவ வேண்டும். அழுத்தப் பம்பால் அடித்தால் தகடு மடங்கும்.

வாயு குறைகிறதா என்று பார்க்க மானியை அடிக்கடி மாட்டுவதும் நல்லதல்ல, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியேறும். அதற்குப் பதில் நேரத்தை அளக்கிறார்கள். தொட்டி 45 டிகிரியிலிருந்து 60க்கு ஏற, யாரும் குழாய் திறக்காதபோது, ஏறத்தாழ 84 நிமிடம் ஆக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு நண்பகலில் எடுத்த நிமிடத்தைச் சமையலறை நாட்காட்டியில் மருமகள் எழுதுகிறார். 110ஐத் தாண்டினால் கசிவைத் தேட ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2025 நடுவரை எழுதிய எண்கள் 82க்கும் 88க்கும் இடையில் இருந்தன. ஒன்றரை ஆண்டில் திறந்து பார்த்த ஆனோட் 22 மி.மீ. விட்டத்திலிருந்து 17க்குத் தேய்ந்திருந்தது. அதைத் திரும்ப மாட்டி, அடுத்த மாற்றத்தை 2026இன் பள்ளி விடுமுறைக்குக் குறித்து வைத்திருக்கிறார்கள்.